இரைப்பைப் பட்டிச் சத்திரசிகிச்சை

இரைப்பைப் பட்டிச் சத்திரசிகிச்சையாவது, மிகையாகப் பருத்த சரீரத்தின் எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் ஒன்றைப் பூட்டி, ஆகாரம் இறங்கும் வழியை வேண்டிய அளவுக்கு இறுக்கவும் தளர்த்தவும் இடந்தரும் வைத்திய முறையாகும். குடலை வெட்டாமலும், இரைப்பையின் எந்தப் பகுதியையும் நீக்காமலும் செய்யப்படுவதும், அவசியமானால் பட்டியைக் கழற்றிவிடக்கூடியதாய் இருப்பதும் இதன் விசேஷங்கள். 1980களில் தோன்றி, 2008ஆம் ஆண்டளவில் உச்சநிலையை அடைந்து, பின்னர் வேறு முறைகளுக்கு இடம்விட்டு ஒதுங்கிய இதன் சரித்திரம், சத்திரசிகிச்சையின் பலன் அதற்குப் பின் வரும் நெடுங்காலப் பராமரிப்பையே பெரிதும் பற்றி நிற்பது என்பதை உணர்த்துவது.

அமைப்பும் செயலும்

பட்டியின் உட்புறத்தில் ஊதக்கூடிய மெல்லிய பை ஒன்று உண்டு. அதிலிருந்து புறப்படும் நுண்ணிய குழாய், வயிற்றுத் தசையின்மேல் தோலுக்கடியில் தைத்து வைக்கப்படும் சிறு கொள்கலத்தோடு இணைகிறது. தோலின் வழியே விசேஷ ஊசியைச் செலுத்தி இக்கொள்கலத்தினுள் உப்புநீரை ஏற்றினால் பட்டி இறுகும், வாங்கினால் தளரும். பட்டிக்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் சிறு பை உருவாகிறது. அப்பை நிறைந்து உணவு தங்குவதனாலேயே பசி அடங்குகிறது என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கவளமும் பட்டியைக் கடக்கும்போது அவ்விடத்து நரம்புகள் தூண்டப்பெற்று, மூளைக்குத் திருப்தியுணர்ச்சியை அறிவிப்பதே முக்கிய காரணம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின. ஆதலால் சிறு கவளமாக எடுத்து, நன்றாக மென்று, நிதானமாக உண்பவருக்கே பட்டி துணைசெய்யும். ஒட்டும் சோறும் பாணும் நார்மிக்க இறைச்சியும் பலருக்குச் சிக்கிக்கொள்ள, இனிப்புப் பானங்களும் ஐஸ்கிரீமும் தடையின்றி இறங்கிவிடுவதால், மென்மையான இனிப்புகளை நாடுபவரிடத்தில் எடை குறைவதில்லை.

தோற்றம்

எடையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்யும் முயற்சி 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையோடு தொடங்கியது. அது எடையைக் குறைத்ததாயினும் போஷாக்குக் குறைவையும் ஈரல் நோயையும் விளைவித்தமையால் கைவிடப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையை வகுத்தனர். வெட்டாமலே இரைப்பையைப் பிரிக்கலாமா என்ற வினா எழுந்து, 1970களின் இறுதியில் வலைத்துணியால் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிக் கட்டும் முயற்சிகள் நிகழ்ந்தன. அவற்றின் பெருங்குறை, ஒருமுறை கட்டிய அளவைப் பின்னர் மாற்ற இயலாமையே.

இக்குறையை நீக்கும் எண்ணம் இரு தேசங்களில் ஏறக்குறைய ஏககாலத்தில் உருப்பெற்றது. சுவீடனில் டாக் ஹால்பெரியும் பீட்டர் ஃபோர்செல்லும் 1985இல் இறுக்கித் தளர்த்தக்கூடிய பட்டியைப் பிரயோகித்தனர். அமெரிக்காவின் நியூஜேர்சியில், உக்ரைனிய மரபினரான லூபோமிர் குஸ்மாக், தாம் முன்னரே கையாண்ட சிலிக்கோன் பட்டியில் ஊதக்கூடிய பகுதியைச் சேர்த்து 1986இல் பயன்படுத்தினார். வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துவாரங்களின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் இப்பட்டியை மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியவர்களுள் தலைமையானவர், எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தின் ஊயி நகரில் பணியாற்றிய மிட்டிக்கு பெலாச்சு. 1993 செப்டெம்பரில் அவர் செய்த அச்சிகிச்சைக்குப் பின்னரே பட்டியின் புகழ் விரைந்து பரவியது.

பரவலும் தளர்வும்

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முதலில் வேரூன்றிய இம்முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2001இல் அனுமதி வழங்கியது. மெல்போர்னில் நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட 60 பேரைக்கொண்டு நடாத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பட்டி பொருத்தப்பெற்றவருள் இரண்டாண்டுகளில் 100க்கு 73 பேரிடத்தில் நீரிழிவு தணிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவரிடத்திலோ 13 பேரிடத்திலேயே தணிந்தது. அவ்வாண்டளவில் உலகில் நிகழ்ந்த எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைகளுள் ஏறத்தாழ 100க்கு 42 பட்டி முறையினவாக இருந்தன. 2011இல் அவ்வெண்ணிக்கை 18 அளவுக்கு வீழ்ந்தது.

வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பட்டி இடம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுதல், உணவுக்குழாய் விரிவடைதல், குழாய் கசிதல், கொள்கலத்தில் கிருமி தொற்றுதல் ஆகியன காலஞ்செல்லச்செல்லத் தோன்றின. பிரசல்ஸில் 12 ஆண்டுகளும் அதற்கு மேலும் கழிந்தவரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் பட்டி அகற்றப்பட்டிருந்ததைக் கண்டது. இடையறாத பின்தொடர் பராமரிப்பை வற்புறுத்திய மெல்போர்ன் குழுவினரோ, 2013இல் வெளியிட்ட 15 ஆண்டு அநுபவத்தில், மிகையெடையில் ஏறத்தாழப் பாதி நீங்கிய நிலை நிலைத்திருந்ததையும், பட்டி அகற்றப்பெற்றவர் 100க்கு 6 பேருக்கும் குறைவென்பதையும் காட்டினர். ஆயினும் திருத்தச் சத்திரசிகிச்சை 100க்கு 43 பேருக்கு அவசியமாயிற்று. இவ்விரு முடிவுகளுக்குமிடையே உள்ள வேற்றுமையில் பின்தொடர்தலுக்குப் பெரும் பங்கு உண்டென்பதை மறுத்தல் அரிது. இதற்கிடையில், இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக் குழாய் வடிவாக்கும் சிகிச்சை உலகெங்கும் முதலிடம் பெற்றது.

யாருக்கு உரியது

கிலோகிராம் எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் உடற் திணிவுச் சுட்டியே தகுதியின் அளவுகோல். 1991இல் அமெரிக்க அறிஞர் மாநாடு வகுத்த நெறி, சுட்டி 40 உடையவருக்கும், நீரிழிவு முதலிய நோய்களோடு 35 உடையவருக்கும் சத்திரசிகிச்சையை உரியதாக்கியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், 2022இல் புதுக்கப்பட்ட நெறி 27.5 என்ற அளவிலிருந்தே அவர்களுக்குச் சத்திரசிகிச்சையை உரியதாகக் கொள்கிறது.

புத்தளக் கரையோரமும் இச்சிகிச்சையும்

2015இல் நடைபெற்ற தேசிய ஆய்வின்படி இலங்கையின் வளர்ந்தோருள் 100க்கு ஏறத்தாழ 29 பேர் மிகையெடை உடையவர். பெண்களிடத்தில் அது 34. கற்பிட்டி, புத்தளம், உடப்பு, சிலாபம், வென்னப்புவ என நீளும் கரையில் மீன்பிடியும் உப்பளமும் தென்னையும் வாழ்வளிக்கும் குடும்பங்களும் இந்நிலைக்குப் புறம்பானவையல்ல. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. எனினும் புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பட்டியோ முதலாண்டில் பல முறை வைத்தியரைக் கண்டு திருத்தம் பெறவேண்டிய உபகரணம். கடலுக்குப் போகும் நாளை விட்டு, நாட்கூலியை இழந்து அத்தனை முறை பிரயாணம் செய்ய இயலாதவருக்கு, அடிக்கடி இறுக்கித் தளர்த்த வேண்டாத பிற முறைகளே பெரும்பாலும் பொருத்தமாகும். அவற்றுக்கும் ஆயுள்முழுதும் விற்றமின்களும் இரத்தப் பரிசோதனைகளும் வேண்டும்.

இத்தாலிக்கும் அரபு நாடுகளுக்கும் தொழில்தேடிச் சென்றோர் பலரைக் கொண்ட இக்கரையில், அயல்நாட்டில் பட்டி பொருத்திக்கொண்டு ஊர் திரும்புவோர் இருத்தல் கூடும். அவர்கள் பட்டியின் வகையையும் அதில் ஏற்றப்பட்ட நீரின் அளவையும் குறித்த பத்திரத்தை எப்போதும் தம்முடன் வைத்திருத்தல் நன்று. தொடர்ந்து வாந்தி வந்தாலோ, தண்ணீரும் இறங்காமற் போனாலோ தாமதியாது வைத்தியசாலையை அடைந்து, பட்டி உண்டென்பதை முதலிலேயே சொல்லவேண்டும். நீரை வாங்கிப் பட்டியைத் தளர்த்துவதே அங்கு முதற் பரிகாரம். கர்ப்பகாலத்திலும் அவ்வாறு தளர்த்துதல் உண்டு. ரமழான் நோன்பு நோற்போர், மாதந் தொடங்குமுன் வைத்தியரிடம் ஆலோசித்து, நோன்பு திறந்தபின் கஞ்சியையும் நீரையும் சிறிதுசிறிதாக அருந்தி, அவசர உணவால் வரும் வாந்தியைத் தவிர்த்தல் அவசியம். வாந்தி பட்டியை நழுவச் செய்யும்.

அரசாங்கம் 2011 முதல் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடையும் இரத்த அழுத்தமும் சீனியின் அளவும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. சத்திரசிகிச்சையை நினைப்பவர் அங்கிருந்து தொடங்குவதே முறை. எந்தச் சிகிச்சையைத் தெரிவதாயினும், அடுத்த பத்தாண்டில் தம்மை யார் கவனிப்பார், எங்கே கவனிப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, அவ்விடத்திற்குத் தவறாது சென்றுவர இயலுமென்ற நிச்சயத்தோடு சம்மதிப்பவரே அதன் முழுப்பயனையும் அடைவர்.