கேட்பவரே உடைமையாளர்: கூட்டுறவுப் பண்டகசாலைகளில் விடையளிக்கும் மரபு

தனியார் கடையில் பொருள் வாங்குபவரின் கேள்விக்கு விடை கிடைப்பது கடைக்காரரின் நற்பண்பையோ வணிக நலனையோ பொறுத்தது. உறுப்பினர்களே பங்குத்தொகை செலுத்தி உடைமையாளர்களாக விளங்கும் கூட்டுறவுப் பண்டகசாலையிலோ, அவ்விடை, கணக்குக் காட்டுவதைப் போன்றே, நிர்வாகம் செலுத்தியாக வேண்டிய கடனாகும். இந்த மரபின் தொடக்கத்தை இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்து நெசவு நகரமான ராச்டேலில் காணலாம். அங்கு, கம்பளி நெசவாளர்கள் பலரைக் கொண்ட ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ 28 பவுன் முதலைத் திரட்டி, 1844 டிசம்பர் 21 அன்று டோட் சந்தில் கடை திறந்து, வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகிய சில பொருள்களை மட்டும் விற்கத் தொடங்கினர்.

ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் திங்கட்கிழமையில், உறுப்பினர் பொதுக்கூட்டம் கூடவேண்டும் என்றும், அதில் கணக்கு வைக்கப்படவேண்டும் என்றும், இயக்குநர்கள் வாரந்தோறும் சந்திக்கவேண்டும் என்றும் அச்சங்கத்தின் விதிகள் கூறின. பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அவர்களது நெறி என்பதால், ஒரு பங்கு வைத்திருந்த நெசவாளியின் கேள்வியும் பெரும்பங்கு வைத்திருந்தவரின் கேள்வியும் ஒரே எடை பெற்றன. பொருள்களின் தரம், விலை ஆகியவை பற்றிய குறைகளை எழுத்தில், கையொப்பத்துடன், நிர்வாகத்திடம் அளிக்கும் முறையும் தொடக்கக்கால விதிகளில் இடம்பெற்றது. கையொப்பம் கேட்கப்பட்டது குறைகூறுவோரை அச்சுறுத்துவதற்காக அன்று, விடை யாரைச் சேரவேண்டும் என்பது தெளிவாவதற்காகவே என்று கொள்வதே அச்சங்கத்தின் இயல்புக்குப் பொருந்தும்.

இம்முறையின் உரம் மாவு விற்பனையில் சோதிக்கப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் உணவுக் கலப்படம் மிகப் பரவலாக இருந்தது. ரொட்டியை வெளுப்பாகக் காட்டப் படிகாரம் சேர்ப்பது வழக்கமாயிருந்ததையும், வேறு பல மோசடிகளையும், மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசல் 1851 முதல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வுகள் அம்பலப்படுத்தின. ராச்டேல் கூட்டுறவினர் 1850இல் தமக்கென ஒரு மாவு ஆலையை ஏற்படுத்தியபோது, அதன் தூய மாவு சந்தை மாவின் வெண்மையைப் பெறாததால், வெளுத்த மாவுக்கே பழகிப்போன குடும்பங்கள் அதை மட்டமானதாகக் கருதி வாங்கத் தயங்கின. ஆலையின் தொடக்ககால அரைப்பிலும் மெய்யான குறைகள் இருந்தன என்பதால், நிர்வாகத்தின் பணி எளிதாக இல்லை: பழக்கத்தால் எழுந்த குறைக்கு விளக்கமும், நியாயமான குறைக்குத் திருத்தமும் தேவைப்பட்டன, இரண்டையும் ஒரே விடையால் தீர்க்க இயலவில்லை. கூட்டுறவு வரலாற்றை எழுதுவோர் கொள்முதலுக்கு ஏற்பப் பகிரப்பட்ட இலாப ஈவுக்குத் தரும் இடத்தை, பொறுமையோடு நடந்த இத்தகைய விளக்கங்களுக்குத் தருவதில்லை; உறுப்பினர் நம்பிக்கை பெருமளவுக்கு இவற்றின்மேல்தான் எழுந்தது.

ஆயினும், கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை நடைமுறையில் பெரும்பாலும் ஆண்களிடமே தங்கியது. நாள்தோறும் மாவையும் வெண்ணெயையும் கையாண்டவர்கள் பெண்களாக இருந்தும், பல சங்கங்கள் ஒரு குடும்பத்திற்கு ஓர் உறுப்பினர் என்று வரையறுத்ததால் உறுப்புரிமை கணவர் பெயரில் அமைந்தது. 1883இல் ‘கோஆப்பரேட்டிவ் நியூஸ்’ இதழில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட பகுதியில் ஆலிஸ் ஆக்லண்ட், பெண்களை நோக்கி ‘பொருள் வாங்குங்கள்’ என்று மட்டுமே சொல்லப்படுகிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டே உருவான கூட்டுறவுப் பெண்கள் கில்ட் என்னும் அமைப்பு, வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோரும் உறுப்பினராகும் உரிமைக்காகப் போராடியது.

ராச்டேலின் முன்மாதிரி பல நாடுகளுக்குச் சென்றது. சென்னையில் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் உள்ளிட்டோரின் முயற்சியால் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வழி வந்ததே. எனினும், விடையளிப்பதைத் தனியொரு கலையாகவே வளர்த்த நாடு ஜப்பான் ஆகும். அங்கு டொயோஹிகோ ககாவாவின் முயற்சியால் 1921இல் கோபே வட்டாரத்தில் நுகர்வோர் கூட்டுறவுகள் உருவாயின. 1948இன் நுகர்வோர் கூட்டுறவுச் சட்டம் உறுப்பினரல்லாதோருக்கு விற்பதைப் பொதுவாகத் தடைசெய்ததால், கேள்வி கேட்பவர் உடைமையாளரே என்பது சட்டப்படியும் உறுதியாயிற்று. 1950களின் நடுப்பகுதி முதல், அண்டை வீட்டார் சிலர் சேர்ந்து பொருள் பெறும் ‘ஹான்’ என்ற சிறுகுழுக்கள் வளர்ந்தன. அடுக்களையில் எழுந்த ஐயங்களையும் யோசனைகளையும் பெண்கள் அக்குழுக்களின் வழியே நிர்வாகத்திடம் கொண்டுசென்றனர்.

பல்கலைக்கழக வளாகக் கூட்டுறவுக் கடைகளில் இப்பணியை ‘ஹிதோகோதோ’ அட்டை, அதாவது ஓரிரு வரிகளில் கருத்தெழுதும் அட்டை, மேற்கொண்டது. வாங்குபவர் அதில் தம் வேண்டுகோளை எழுதிப் பெட்டியில் இடுவார். ஊழியர் அதன் கீழேயே விடையெழுதி, அனைவரும் படிக்குமாறு பலகையில் ஒட்டுவார். டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவுக் கடையில் பணியாற்றிய ஷிராய்ஷி எழுதிய விடைகள் 2005இல் நூலாக வெளிவந்து நாடெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றன. காதல் விற்பனைக்கு உண்டா என்று மாணவர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டதற்கும், அது விற்பனைப் பொருள் அன்று என்று அவர் பணிவோடு விடை தந்ததைப் பலரும் நினைவுகூர்ந்தனர். கேலியாக எழுதப்பட்ட அட்டையையும் ஓர் உறுப்பினரின் அட்டையாகவே ஏற்று, முழு விடை எழுதியதில்தான் அந்த ஊழியரின் பெருமை இருக்கிறது.

1990கள் முதல் வீட்டுக்கு வீடு தனித்தனியே பொருள் கொண்டுசேர்க்கும் முறை பெருகி ஹான் குழுக்கள் தளர்ந்தன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கோபே கூட்டுறவு போன்ற பேரமைப்புகளில் பொதுக்கூட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் கூட்டமாகிவிட்டதால், ஒரு தனி உறுப்பினர் தம் கேள்வியைத் தம் கையாலேயே எழுதி நிர்வாகத்திடம் சேர்ப்பதற்கு இத்தகைய அட்டைகள் முன்னினும் இன்றியமையாதவையாயின.