மருந்தும் சீட்டும்

வைத்தியரைப் பார்த்து, வைத்தியம் செய்யாதே என்று 1914-ஆம் வருஷத்துச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் கொதித்திருக்கும். அது செய்தது இன்னும் சாமர்த்தியமான காரியம். மேல்நாட்டு வைத்தியம் படித்துத் தேறியவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிற்று. சட்டத்துக்கு வேண்டிய அத்தாட்சிகளில் அவர்கள் கையெழுத்துதான் செல்லும் என்றது. நாடி பிடித்து நோய் சொன்ன கிழவருக்குக் கை இருந்தது. கையெழுத்து இல்லாமற் போயிற்று!

1858-இல் இங்கிலாந்து செய்த சட்டத்தின் வாரிசு இது. போலிகளைப் பிரித்துக் காட்டுவது நல்ல நோக்கந்தான். ஆனால் தலைமுறையாகக் கற்ற சித்த வைத்தியரும், சந்தையில் லேகியம் விற்றவனும் ஒரே கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

1921-இல் சென்னை சர்க்கார் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. காரியதரிசி கேப்டன் சீனிவாசமூர்த்தி, மேல்நாட்டு வைத்தியம் படித்தவர், வேடிக்கைதான்! குழுவின் கேள்விகளுக்குத் தமிழிலும் வடமொழியிலும் பதில்கள் வந்தன. 1923-இல் அறிக்கை, பிறகு சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி. அவரே அதன் முதல் தலைவர். பள்ளி வந்தால் பரீட்சை வரும், பட்டம் வரும். தகப்பனிடம் மட்டுமே கற்றவர் மறுபடியும் வாசலில்தான்.

இதன் பலனை நெய்வேலிப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்தபின், கிராமத்தார் பலர் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். முழங்கால் வீங்கினால் பற்றுப் போட ஊர் வைத்தியர்; லீவுச் சீட்டுக்கு டாக்டர். டாக்டருக்கு ரூபாய் கொடுத்தார்களாம். வைத்தியருக்கு ஒரு மடி முந்திரிக்கொட்டை.