நிற்கும் சுவர், புதைந்த கிடங்கு

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டு மாந்தோப்புக்குள் பாழடைந்த செங்கல் சுவர்கள் நிற்கின்றன. ரோமானியர்கள் கட்டியது என்று நினைத்துத்தான் நானும் முதல்முறை படமெடுத்தேன். ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களின் குருமடம்.

உண்மையான பழசு, 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வெளிப்பட்டது. 150 அடி நீளச் செங்கல் கட்டடம். சரக்குக் கிடங்கு என்றார் அவர். இன்று அது மண்ணுக்கடியில்.

இவ்வளவுதான் மிஞ்சியதா? ஊர்க்காரர்கள் இங்கே பழைய பெரிய செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதைப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி அன்றே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத் துறைமுகத்தின் ஒரு பகுதி யார் யார் வீட்டுச் சுவரிலோ கரைந்துபோயிருக்கும்.

அடுத்தமுறை போனால், சுவரைப் படமெடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தரையையும் பாருங்கள்.