பூஞ்சண நஞ்சும் கோழி முளையமும்

தீனில் வளரும் பூஞ்சணங்கள் சுரக்கும் நஞ்சு, தாய்க்கோழி வழியாக முட்டைக்குள் இறங்கி, வளரும் முளையத்தையும் அதன் நோயெதிர்ப்பையும் தாக்குகிறது. இந்த நஞ்சுகளில் அதிகம் ஆராயப்பட்டது அஃப்லடொக்சின். அதைச் சுரக்கும் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மாரியில் ஈரம் பிடித்துக் கட்டியான தேங்காய்ப் புண்ணாக்கிலும் கச்சானிலும் மஞ்சள் கலந்த பச்சைத் தூளாகப் படரக்கூடியது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் பிடிபடாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கடைசியில் பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கே குற்றவாளி என்று தெரிந்தது. பிரித்தெடுத்த நஞ்சு, புறவூதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தது. நீலமாக ஒளிரும் பி1 வகையே கொடியது.

எவ்வளவு கொடியது என்பதைக் கோழிமுட்டையே காட்டியது. 1964இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முட்டையின் காற்றறைக்குள் நஞ்சைச் செலுத்தி அடைக்கு வைத்தார்கள். சுமார் 0.025 மைக்ரோகிராம் போதும், பாதி முளையங்கள் மடிந்துவிட்டன.

நோயெதிர்ப்பின் கதை இன்னும் பழையது. கோழியின் வாலடியில், கழிவாய்க்கு மேலே உள்ள சிறு பையைப் பாதுவா நகரின் உடற்கூற்றியலாளர் பாப்ரிசியஸ் விவரித்தார். அதை விவரித்த நூல் அவர் இறந்தபின் 1621இல் அச்சானது. அந்தப் பை எதற்கு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. ஓகாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் பை அகற்றி வளர்த்த கோழிகளை, சக மாணவரான சாங் வகுப்பில் செய்துகாட்டுவதற்காக வாங்கிப் போனார். ஊசி போட்டும் அவற்றில் பிறபொருளெதிரி உண்டாகவில்லை. வகுப்பில் பிழைத்துப்போன அந்தச் சோதனைதான், பிறபொருளெதிரி உண்டாக அந்தப் பை வேண்டும் என்ற கண்டுபிடிப்பாயிற்று. ‘சயன்ஸ்’ இதழ் ஏற்காத கட்டுரையை 1956இல் கோழி வளர்ப்பு இதழொன்று வெளியிட்டது.

அஃப்லடொக்சின் சுருங்க வைப்பது இந்தப் பையையும் கழுத்திலுள்ள தைமசுச் சுரப்பியையும்தான். நஞ்சுத் தீன் தின்ற கோழியின் ஈரல் கெடுகிறது, முட்டையும் குறைகிறது. பொரித்த குஞ்சு வெளியே நலமாகத் தெரிந்தாலும், தடுப்பூசிக்கு அதன் உடல் போதிய பிறபொருளெதிரியை உண்டாக்காமல் போகலாம். பிறகு இராணிக்கெட் நோய் வந்தால் தாங்காது.

ஊரில் அடைக்கு வைக்கும் கடகத்தில் இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் போடுவது வழக்கம். முட்டை கூழானால் பழி இடிக்கோ சேவலுக்கோ போகும். தீன் சாக்கை எவரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும், தீனை அவித்தாலும் நஞ்சு போகாது.

2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் அகப்பட்டபோதுதான் இலங்கைச் செய்தித்தாள்களில் அதன் பெயர் பரவலாக அடிபட்டது. இப்போது தீனில் நஞ்சைப் பற்றிக்கொள்ளும் களிமண் வகைகளைக் கலக்கிறார்கள்.