பொடி வைத்து ஊதுதல்

'அவர் பொடி வைத்துப் பேசுகிறார்' என்று நாம் சிலரைப் பற்றிச் சொல்லுகிறோம். தட்டார் பட்டறையிலிருந்து நம் பேச்சுக்குள் வந்த வழக்கு அது என்பார்கள். இரண்டு வெள்ளித் துண்டுகளை ஒட்ட வேண்டுமானால், வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஒரு கலப்பைப் பொடியாக்கி, வெங்காரத்தோடு சேர்த்து இடுக்கிலே வைத்து, ஊதுகுழலால் ஊதுவார் பத்தர். பொடி உருகி ஓடி இடுக்கை அடைத்துக்கொள்ளும். வைத்த இடம் வெளியே தெரியக்கூடாது, அதுதான் சாமர்த்தியம். பேச்சிலும் அப்படித்தானே!

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொடியின் ஞாபகம் வரும். ராமாநுஜர் அவதரித்த அந்த ஊரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் உள்ளேயும் பொடி வைத்துப் பற்றவைக்கிறார்கள். அந்தப் பொடியிலும் வெள்ளி இருக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், வெள்ளியின் கலப்பு மாறிய பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

சுத்த வெள்ளி மிருதுவானது. கொலுசோ நாணயமோ செய்தால் சீக்கிரம் நசுங்கிவிடும். அதனால் கொஞ்சம் செம்பு சேர்ப்பார்கள். 1835-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ரூபாயின் எடை 180 கிரெயின். அதிலே 165 கிரெயின் சுத்த வெள்ளி. 180 கிரெயின் என்பது சரியாக ஒரு தோலா. ஆகவே, பத்தருக்கு ரூபாய் வெறும் காசு அல்ல. அதுவே எடைக்கல், அதுவே சரக்கு. பெண்ணுக்குத் தண்டை வேண்டும் என்று வந்த குடியானவர் முடிச்சை அவிழ்த்து ரூபாய்களைக் கொடுப்பார். பத்தர் அவற்றை மூசையில் இட்டு உருக்குவார். ரூபாயின் வெள்ளி எத்தனை ஊதலில் இளகும், எத்தனை அடி தாங்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஒரு நூற்றாண்டுப் பழக்கம் அது.

1940-ல் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஐரோப்பாவில் யுத்தம். பிரான்ஸ் விழுந்தது என்று கேட்டதும், இங்கே ஜனங்கள் நோட்டுக்களைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களை வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது. கூடவே ரூபாயின் உலோகத்தையும் மாற்றியது. புதிய ரூபாயில் நூற்றுக்கு 50 பங்குதான் வெள்ளி. 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். எடையோ பழையபடி அதே ஒரு தோலா! 165 கிரெயின் வெள்ளி இருந்த இடத்தில் 90 கிரெயின்தான். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

அந்த ரூபாயை ஒரு பத்தர் உருக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். ஈயம் சேர்த்துப் புடம்போட்டால் செம்பு பிரிந்துவிடும். நிக்கல் அவ்வளவு சுலபத்தில் விட்டுப் போகாது. தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த அடையாளங்கள் எல்லாம் இங்கே பிசகிவிடும். 1941-லிருந்து விக்டோரியா ரூபாயும், அதன் பிறகு மற்றப் பழைய வெள்ளி ரூபாய்களும் செல்லாதவை ஆயின. 'ராணி தலை ரூபாய்' என்று பழைய வீடுகளில் பத்திரப்படுத்தி வைத்தது வெறும் ஆசையினால் அல்ல என்பது இதிலிருந்து புரியும்.

கதை அதோடு முடியவில்லை. யுத்த காலத்தில் இந்தியா அமெரிக்காவிடமிருந்து 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக வாங்கியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக இந்த அரை வெள்ளிக் காசுகளைத் திரட்டி, வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கல்கத்தா அலிப்பூரில் ஒரு சுத்திகரிப்பு ஆலையே ஏற்பட்டது. குமுட்டி அடுப்பும் ஊதுகுழலுமாக உட்கார்ந்திருந்த பத்தர் இந்தக் கலப்பின் முன் திகைத்திருந்தால், அதில் ஆச்சரியம் என்ன?

எல்லாப் புதுக் கலப்பும் இப்படி மட்டமானதல்ல. 1990-களில் இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜான்ஸ் என்பவர், வெள்ளியோடு சிறிது ஜெர்மானியம் என்ற தனிமத்தைச் சேர்த்து 'ஆர்ஜென்டியம்' என்ற கலப்பை உண்டாக்கினார். நெருப்பில் காட்டினால் செம்பு கலந்த வெள்ளியில் படரும் கறை இதிலே படராது. சீக்கிரம் கறுப்பதும் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. காய்ச்சும்போது வழக்கமான வெள்ளியைவிட வெளுத்த நிறமாக ஒளிரும். பழைய சிவப்புக்காகக் காத்திருந்தால் சூடு மிஞ்சிவிடும். செக்கச் சிவந்திருக்கும்போது குறட்டால் தூக்கினால் வளையும், அல்லது விண்டுபோகும். சிவப்பு அடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். உயர்ந்த வெள்ளியானாலும், கண் மறுபடியும் பள்ளிக்கூடம் போகவேண்டியதுதான்!

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். மின்சாரக் கருவிகளின் பலகைகளில் பற்றவைக்க நெடுங்காலமாக வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலப்பே இருந்தது. 183 டிகிரியில் உருகும். ஈயம் உடம்புக்குக் கேடு என்று ஐரோப்பிய யூனியன் அதற்குத் தடை விதித்தது. 2006 ஜூலை 1 முதல் அமல். அதற்குப் பதிலாகப் பரவலாக வந்தது நூற்றுக்கு 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதே 2006-ல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்போன் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. பற்றவைப்பில் பெரும்பகுதியை யந்திரம் செய்துவிடும். பார்த்துத் தேறுவதும் திருத்துவதும் மனிதர் வேலை. ஈயம் கலந்த பழைய பற்று பளபளவென்று இருக்கும். மங்கினால் குற்றம் என்று அர்த்தம். வெள்ளி கலந்த புதிய பற்று இயல்பிலேயே மங்கலானது. பளபளப்பு நல்லது என்று படித்த கண், மங்கலும் நல்லதுதான் என்று படிக்கவேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் பழகும் நாட்களில் கெட்டுப்போகும் பலகை கம்பெனிக் கணக்கில் சேரும். கூலிக்கு வேலை செய்யும் பத்தரோ, வாங்கிய வெள்ளியின் எடைக்குப் பதில் சொல்லவேண்டியவர். வழக்கமான சேதாரத்துக்கு மேல் போனால் அது அவர் வீட்டுச் சோற்றிலிருந்து போகும். டில்லியில் போட்ட உத்தரவுக்குப் பட்டறையில் விலை கொடுப்பது என்பது இதுதான். தொழிற்சாலைக்காரர்களுக்கும் கவலை இல்லை என்று சொல்லமாட்டேன். 2014 நவம்பரில் நோக்கியாவின் தொழிற்சாலை மூடப்பட்டது. தேர்ந்த கைகள் வெளியே வந்து நின்றன. அந்த வட்டாரத்தில் இன்றும் செல்போன்கள் செய்கிறார்கள். ஆனால் ஒரு வாசல் மூடும்போது மறுவாசல் அன்றே திறந்துவிடுவதில்லை.

உலோகங்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கலப்பின் கணக்கைத் தசமத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கலப்பைப் பழகிக்கொள்ள எத்தனை விரல்கள் சுட்டன, எத்தனை இராத்திரிகள் குமுட்டிக்கு முன் கழிந்தன என்ற கணக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பொடி வைத்த இடம் வெளியே தெரியாது என்றேன்; ஊதியவரும் அப்படித்தான் தெரியாமல் போய்விடுகிறார்.