புகையும் தேனும்: வேடரிடம் வாங்கிய இறைச்சி

இறைச்சியைப் புகையில் வாட்டும்போது பக்கத்தில் ஒரு தட்டுத் தண்ணீர் வைக்கச் சொல்கிறார்கள். நீராவி சூட்டை அடக்கும். மேற்புறம் ஈரமாயிருந்தால் புகை நன்றாகப் பிடிக்கும், ருசி ஏறும். சரிதான். ஆனால் மட்டக்களப்புக்கு மேற்கே, பிந்தனைக் காட்டில் புகை போட்டவர்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. ருசியை விட, இறைச்சி கெடாமல் கிடக்க வேணும்.

1660இல் வாகரைக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ரொபேர்ட் நொக்ஸ். 19 வருடம் கழித்துத் தப்பி, 1681இல் புத்தகம் போட்டார். பிந்தனை வேடர் மானைக் கொன்று இறைச்சியை நெருப்பின் மேல் உலர்த்துவார்கள், நாட்டுச் சனம் வந்து அதை வாங்கும் என்று எழுதினார். கனபேர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். எங்களுக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம். காட்டுமனிதர் என்று அவர் பெயர் வைத்த ஆட்களிடம் ஊர்ச்சனம் காடு தேடிப் போய் வாங்கியிருக்கிறது. அவர்கள் வியாபாரிகள்!

இன்னொரு முறையும் சொல்கிறார். குடைந்த மரத்தில் தேன் ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைப்பது. பஞ்ச நாளுக்கான சேமிப்பு. தேன் இறைச்சியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிருமி பெருகத் தண்ணீர் மிஞ்சாது. நெருப்பு செய்த வேலையேதான், ருசி மட்டும் வேறு.

1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்ப மானை அடித்தால் வழக்கு. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். கரையில் காய்வது கருவாடு. அதற்கு உப்பும் வெயிலும் போதும், புகை வேண்டாம்.