அஷ்ஷூரா (கலந்தாலோசனை)

குர்ஆனின் 42ஆம் அத்தியாயம். 53 வசனங்கள் கொண்டது. பெரும்பகுதி மக்காவில், முஸ்லிம்கள் கையில் ஆட்சி ஏதும் இல்லாத காலத்தில் அருளப்பட்டது. நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா ஆகியோருக்கு விதித்த மார்க்கமே முஹம்மது நபிக்கும் அருளப்பட்டது என்கிறது 13ஆம் வசனம். அத்தியாயத்துக்குப் பெயர் தந்தது 38ஆம் வசனம். தொழுகைக்கும் தானத்துக்கும் நடுவே, காரியங்களைத் தமக்குள் கலந்து பேசி முடிப்பதையும் இறைநம்பிக்கையாளரின் இயல்பாகச் சொல்கிறது. ஆலோசனையை வழிபாட்டின் வரிசையில் வைத்ததே இதன் தனித்தன்மை. யார் கூடுவது, எப்படித் தேர்வது என்ற விதிகள் இதில் இல்லை.

அத்தகைய விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) பிராமணர் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன: 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), குடத்தில் பெயரெழுதிய ஓலைகள், எடுக்க ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. வசனத்துக்கும் கல்வெட்டுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. அந்தப் பிராமணர் சபையிலும் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை. ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்துப் பிழைத்த ஊருக்கு, மக்கள் நம்பிக்கை இழந்தபின் இறைவன் மழை இறக்குவதைச் சொல்லும் 28ஆம் வசனம் இன்னும் நெருக்கமாகப் படக்கூடும். அதே அத்தியாயத்தின் 40ஆம் வசனம் தீங்குக்கு அதே அளவு பதிலை அனுமதிக்கிறது. மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கு இறைவனிடம் கூலி உண்டு என்கிறது.